பாலத்தில் நின்ற டிராம்

தென்காசியில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் என்ற பாடம் பல வருடங்களாக என் தலையில்தான். தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்ட பிரான்சும் ஜெர்மனியும் நிலக்கரியையும் எஃகையும் பொதுவில் வைத்துக் கைகோத்த கதை. ஆரம்பத்தில் அதை நடத்தும்போது எனக்கே குரல் எழும்பும். இப்போது அந்த வகுப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. பிள்ளைகளுக்கும் தூக்கம், எனக்கும் அலுப்பு.

என் மகள் ஜெர்மனியில் நர்ஸ். மாப்பிள்ளைக்கும் அங்கேதான் வேலை. அவர்கள் இருப்பது ரைன் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர், அக்கரை பிரான்ஸ். பாலத்தின் மேல் டிராம் ஓடுகிறது. பேரன் போகும் மழலையர் காப்பகம் அக்கரையில் இருக்கிறது. இரண்டு கரைக்காரர்களும் சேர்ந்தே அதை நடத்துகிறார்கள். அவனுக்கு இரண்டு மொழியும் வரும். இதை வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோவில் வந்தாள். முகம் சரியில்லை.

"டிராம்ல இருந்து எறக்கிட்டாங்கம்மா."

"யாரு?"

"ஜெர்மன் போலீசு. பார்டர்ல மறுபடியும் செக்கிங் போட்டிருக்காங்கல்லா. நான் ரெசிடென்ஸ் கார்டை வீட்டுல வச்சிட்டுப் போயிட்டேன். பெட்டி நெறைய ஆளு. என்கிட்ட மட்டுந்தான் கேட்டாங்க."

மாப்பிள்ளை கார்டை எடுத்து வரும்வரை குழந்தையோடு நிறுத்தத்திலேயே நின்றிருக்கிறாள். அதே டிராமில் வந்த காப்பகத்து ஆசிரியை, ஒரு பிரெஞ்சுக்காரி, தானும் இறங்கிக் கூடவே நின்றாளாம். இவர்களை எனக்குத் தெரியும் என்று இரண்டு மொழியிலும் சொல்லிப் பார்த்தாளாம்.

"பிரெஞ்சுப் போலீசு அவங்கள ஒண்ணும் கேக்கலையாட்டி?"

"ரெண்டு நாட்டுப் போலீசும் சேந்துதாம்மா நிக்காங்க. நீ நடத்துவியே, ஒத்துழைப்புன்னு. அது நல்லாத்தான் நடக்கு."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரமே பாடம் வந்தது. வழக்கம்போல் நடத்தினேன். இந்த ஒன்றியம் நிலைக்குமா என்று ஒரு மாணவி கேட்டாள். தெரியவில்லை என்றேன். அதை எப்படிப் பரீட்சையில் எழுதுவது என்றாள். புத்தகத்தில் இருப்பதை எழுதிவிடு என்றேன்.

சாரல் நேரத்தில் மகள் குடும்பத்தோடு ஊருக்கு வந்தாள். குற்றாலத்தில் நிற்க இடமில்லை, பாலருவிக்குப் போகலாம் என்று கார் பிடித்தோம். கேரள எல்லையில் புளியரை சோதனைச்சாவடியில் போலீஸ்காரர் கையைக் காட்டினார். வண்டி நின்றதும் பேரன் மகளின் கைப்பையை இழுக்க ஆரம்பித்தான்.

"கார்டு எடும்மா, கார்டு எடும்மா!"

போலீஸ்காரர் குனிந்து பார்த்துச் சிரித்தார். "இங்கன கார்டெல்லாம் வேண்டாம்டே" என்று போகச் சொன்னார். கேரளாவுக்குள் வெகுதூரம் போன பிறகும் பேரன் பையை விடவில்லை. மகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"பேசாம இங்கன வந்திருங்களேன்" என்றேன்.

"வந்து? இவனுக்கு எல்லாம் அங்கன பழகிட்டும்மா. அந்த டீச்சர விட்டுட்டு இருக்க மாட்டான்."

விடுப்பு முடிந்து போய்விட்டார்கள். ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருப்பதாகப் போனில் சொன்னாள். கிடைத்துவிட்டால் நிறுத்த மாட்டார்கள்தானே என்று கேட்டேன்.

"மூஞ்சி மாறாதுல்லாம்மா" என்றாள்.

பேரன் சாப்பிட்டானா என்று கேட்டேன்.