பத்தொன்பது பேச்சும் ஒரு பாட்டும்

கற்பிட்டி ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்த அன்ரனிப்பிள்ளைக்கு யாருடைய மனத்தையும் நோகடிக்கத் தெரியாது. ஐம்பத்திரண்டு வயதுவரை அவர் ஒருவருடைய பேச்சிலும் குறுக்கே விழுந்ததில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் கதையை முடிக்கவில்லை என்பதற்காக, இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டுப் பாலாவிவரை போய்த் திரும்பியவர் அவர்.

போர் முடிந்து நாலு வருடம் போனபின், கோயிலில் வயலின் வாசித்துப் பழகிய இந்த மனிதர் எட்டு மெல்லிசைப் பாடல்கள் அமைத்து, பதினெட்டு வாத்தியங்களோடு இசைத்தட்டு போட்டார். வாத்தியக்காரர்களில் பாதிப்பேர் கடற்றொழிலாளர். ஒருவர் கரையேறும்போது மற்றவர் கடலில் இருப்பார். தொழிலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமையையோ பூசையும் கலியாணமும் பிடித்துக்கொள்ளும். ஆகவே தொழிற்சாலையின் வெற்று அறையொன்றில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக வாசிக்கவைத்து, கணினியில் ஒட்டினார்கள். அந்த அறையின் குளிரில் பாடகிகளின் பற்கள் வேறொரு தாளம் போட்டன.

தட்டு நன்றாகத்தான் வந்தது. ஆனால் பதினெட்டுப் பேரும் சேர்ந்து வாசித்து அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

“ஒரே ஒருக்கா கேட்டாப் போதும், மக்தலேனா,” என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். பதினெட்டுப் பேரும் மேடையேறி வாசிக்கவிருந்த வெளியீட்டு விழாவைத்தான் அதற்கு நம்பியிருந்தார்.

ஞாயிறு மூன்று மணிக்கு விழா. ஓய்வுநாள் முடிந்து மாலை ஆறு மணிக்கு வள்ளங்கள் மறுபடி கடலில் இறங்கிவிடும். அழைப்பிதழ் அடிக்கும்போது, பெயர் விட்டுப்போனால் குறை வருமே என்று பயந்து பத்தொன்பது பேரைப் போட்டுவிட்டார் அன்ரனிப்பிள்ளை. அழைப்பிதழில் பெயர் இருக்கிறவர் பேசாமல் வீட்டுக்குப் போவது இந்தப் பக்கத்தில் வழக்கமில்லை.

தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை என்று நீண்டது. நயவுரை செய்தவர் தட்டைக் கேட்டிருக்கவில்லை, அட்டைப்படத்தை நயந்தார். முதற்பிரதி வாங்கிய கருவாட்டு வியாபாரி ஹயாத்து முகம்மது ஹாஜியார் மட்டும், “பேச்சு காணும், பாட்டக் கேப்பம்,” என்று சொல்லி இறங்கினார். அவர் நூறு வயது இருக்கட்டும்.

ஐந்தரை மணிக்குப் பத்தொன்பதாவது ஆள், ஓய்வுபெற்ற அதிபர் அபூசாலி, ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“சுருக்கமா முடிக்கிறேன்,” என்றார்.

மேடையின் பின்பக்கம் ட்ரம்பெட்டோடு நின்ற வின்சன்ட் அன்ரனிப்பிள்ளையின் காதருகே குனிந்தார். “அண்ணே, இன்னும் கால் மணித்தியாலந்தான். பிறகு நாங்க போகணும், வள்ளம் நிக்காது.”

அதிபர் அப்போதுதான் சங்க காலத்து யாழைக் கையில் எடுத்திருந்தார். வயலினுக்கு வந்துசேர அவருக்கு இன்னும் ஈராயிரம் ஆண்டு இருந்தது.

“வாசிங்களேன் மனுசா!” என்று முன்வரிசையிலிருந்து பல்லைக் கடித்தாள் மக்தலேனா.

அன்ரனிப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு வில்லை வயலினில் வைத்து இழுத்தார். அவர் தன் ஆயுளில் செய்த முதல் மரியாதைக் குறைவு அது. மற்றவர்கள் சட்டென்று சேர்ந்துகொண்டார்கள்.

அதிபர் திரும்பிப் பார்த்தார். தன் உரைக்குப் பின்னணி என்று நினைத்து முகமெல்லாம் மலர்ந்து, குரலை உயர்த்தித் தொடர்ந்தார். ட்ரம்பெட்டுகள் எழும்பியபோது அவருடைய வாய் அசைந்தது மட்டுமே தெரிந்தது. பதினெட்டு வாத்தியமும் ஒன்றாகக் கேட்டது. அன்ரனிப்பிள்ளை அழுதுகொண்டே வாசித்தார். அதற்கு அவர் வெட்கப்படவுமில்லை.

பாட்டு முடிந்ததும் மண்டபம் கைதட்டியது. அதிபர் தலைவணங்கி அதை ஏற்றுக்கொண்டார்.

“இத்தோட என் உரைய முடிச்சிக்கொள்றேன். இனி இசைக்குழு வாசிக்கலாம்.”

வின்சன்டும் கூட்டாளிகளும் அதற்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

“பரவாயில்ல சேர்,” என்றார் அன்ரனிப்பிள்ளை, கண்ணைத் துடைத்தபடி. “நீங்க இன்னும் கொஞ்சம் பேசுங்க.”