சனிக்கிழமை ஐஸ்கிரீம்

என் தங்கைக்கு வந்த வியாதி எனக்கு வரவில்லையே என்று ஒரு வருஷம் முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது, அவளுக்கு ஐந்து.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் டம்ளரில் உதடு பட்டால் எச்சில். அண்ணாந்து, தூக்கித்தான் குடிக்க வேண்டும். ஒருநாள் துணி சோப்பு செய்வதற்காக அம்மா காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஒரு டம்ளரில் ஆற வைத்திருந்தாள். விளையாடிவிட்டு ஓடிவந்த தங்கை அதைத் தண்ணீரென்று நினைத்து, வீட்டு வழக்கம் தவறாமல், தூக்கி நேராகத் தொண்டைக்குள் விட்டுக்கொண்டாள். உதட்டில் வைத்திருந்தால் முதல் சொட்டிலேயே துப்பியிருப்பாள் என்று பிற்பாடு டாக்டர் சொன்னாராம்.

பிழைத்துவிட்டாள். ஆனால் உணவுக்குழாய் வெந்து, ஆறும்போது சுருங்கிவிட்டது. அதன் பிறகு ஆரம்பித்தது அவளுடைய ராஜ்யம். எங்களுக்கு ரசம் சாதம்; அவளுக்குப் பாதாம் பால், நெய் விட்டுக் குழைத்த பருப்புக் கஞ்சி. அவளுக்கென்று ஒரு வெள்ளிக் கிண்ணம், அதை உதட்டில் வைத்தே உறிஞ்சலாம். நான் ஒருதரம் அப்படிக் குடித்ததற்கு முதுகில் ஒன்று விழுந்தது.

"அவளுக்கு மட்டும் என்னவாம்?" என்று கேட்டேன்.

"உனக்கு முழுங்கத் தெரியறதோல்லியோ, அது போறும்," என்றாள் அம்மா. அப்படிச் சொல்லிவிட்டு ஏன் அடுப்பங்கரைக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள் என்று நான் யோசிக்கவில்லை.

எல்லாவற்றையும் விட சனிக்கிழமைதான் தாங்கவில்லை. அப்பா அவளைப் பஸ்ஸில் தென்னூர் டாக்டரிடம் கூட்டிப்போவார், திரும்பும்போது ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுப்பார். என்னை அப்பா எங்கேயும் தனியாகக் கூட்டிப்போனதே கிடையாது. பொறுத்துப் பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை தட்டைத் தள்ளிவிட்டு, "எனக்கும் தொண்டையில் அடைக்கிறது" என்று அழுதேன். அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் டாக்டர் எனக்குத் தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொல்லி, வயிற்றுக்கு மேலே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். "மூச்சுக்குழாய்க்குப் பின்னால ஒரு சாண் நீளத்துக்குப் போகுதுங்க இந்த உணவுக்குழாய். உங்க பெரிய பொண்ணுக்கு அது வாய்க்கால் மாதிரி ஓடுது. ஒண்ணும் இல்லீங்க," என்று அப்பாவிடம் சிரித்தார். பிறகு தங்கையிடம், "இன்னிக்குத் தொண்டையை விரிக்கக் கொஞ்சம் பருமனான ரப்பர் குழாய்ம்மா, அசையாம இருக்கணும்," என்றார். அவள் தலையாட்டிவிட்டு அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. என்னை மட்டும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்களே என்று பல்லைக் கடித்தேன்.

திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. அப்பாவின் சட்டை தோளில் நனைந்திருந்தது.

கடையில் ஆளுக்கொரு கப் வந்தது. என்னுடையதை நாலே வாயில் முடித்தேன். தங்கை ஒரு துளியை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் காத்திருந்தாள். பிறகு கைக்குட்டையில் துப்பிவிட்டுக் கப்பை என் பக்கம் தள்ளினாள்.

"நீ சாப்பிடுக்கா."

வாராவாரம் தின்று அலுத்துவிட்டது மகாராணிக்கு என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கோபத்திலேயே அதையும் வழித்துச் சாப்பிட ஆரம்பித்தேன்.

"மெதுவா முழுங்குக்கா," என்றாள்.

நிமிர்ந்தேன். அவள் கப்பைப் பார்க்கவேயில்லை. என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஏதோ சிந்தியிருக்கிறதாக்கும் என்று புறங்கையால் துடைத்துக்கொண்டு, அடுத்த ஸ்பூனை எடுத்தேன்.