பிரிண்டரில் வந்த முகம்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவின் கணவர் திடீரென்று இறந்துவிட்டார். மாலை போட ஒரு படம்கூட இல்லை. என் போனில் மட்டும் ஒன்று இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் அச்செடுக்கப் பார்த்தேன். பிரிண்டர் அசையவில்லை. அதை வாங்கிய தலவாக்கலைக் கடைக்குப் போன் செய்தேன்.

"வயரை இடம் மாத்திக் குத்துனீங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ஆமாங்க."

"கம்ப்யூட்டர் இன்னும் பழைய போர்ட்டுக்குத்தான், முந்தி வயர் குத்தியிருந்த ஓட்டைக்குத்தான், அனுப்புது. செட்டிங்ஸ்ல புது போர்ட்டை மாத்துங்க."

மாற்றியதும் தாள் நகர்ந்தது. முதலில் தலைமுடி, பிறகு நெற்றி, கண்கள். செல்வி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து என் அருகில் நின்றார்.

"பழைய பிரிண்டர்க்கா, மெதுவாத்தான் வரும்."

"மெதுவாவே வரட்டும் புள்ள" என்றார், தாளிலிருந்து கண் எடுக்காமல். முழு முகமும் வரும்வரை நானும் அவர் பக்கத்திலேயே நின்றேன்.

துக்க வீட்டில் என்ன சொல்வதென்று இன்றும் எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்றால் போதும் என்று மட்டும் அன்று தெரிந்தது.