கடைசி ஜீப் வரும்வரை

மூன்று வருடங்களுக்கு முன், ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் நடந்த என் தங்கையின் கலியாணத்துக்கு நான் அரைக்காற்சட்டையோடு போய் இறங்கினேன். வெளியே மழைத் தூறல், உடம்பை உலுக்கும் குளிர். மணப்பெண்ணின் ஒரே அண்ணன் நான்! கலியாண வீடியோவில் இன்றைக்கும் மாப்பிள்ளையின் முகத்துக்கு முதல் என் முழங்கால்தான் தெரியும். ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் யானையிலிருந்துதான் கதையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

நான் ரண்டர்ஸில் வளர்ந்தவன், ஹோட்டல் வேலை பார்த்தவன். மனைவி தாதி. ஆபிரிக்காவில், சாம்பியா நாட்டுக் காட்டுக்குள் இருக்கும் சபாரி முகாம் ஒன்றை நடத்தக் கணவனும் மனைவியுமாக ஆள் தேவை என்று ஒரு விளம்பரம் வந்தது. "ரெண்டு வருசம் போய்த்தான் பாப்பமே" என்று சொன்னது நான் அல்ல, மனைவி. ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டோம். பத்துக் கூடாரம், ஒரு சமையற்கட்டு, முன்னால் ஓர் ஆறு, ஆறு நிறைய நீர்யானை. ஒரு பெட்டி நெருப்புக்குச்சி வாங்குவதென்றாலும் ஜீப்பில் ஐந்து மணித்தியாலம் போக வேண்டும்.

அந்த வாழ்க்கையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். மனைவி மரத்தடியில் மேசை போட்டு மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பாள். குரங்கு வந்து அழிறப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடும். மகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவாள், மகளைத் துரத்திக்கொண்டு மனைவி ஓடுவாள். கொடியில் காயப்போட்ட என் சாரம் ஒன்று மரத்து உச்சியில் ஒரு மாதம் பறந்தது. வந்த விருந்தாளிகள் அதை முகாமின் கொடி என்று நினைத்துப் படம் எடுத்தார்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

முகாமில் எனக்கு ஒரு சட்டம் இருந்தது. விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் போன ஜீப்புகள் எல்லாம் திரும்பி வந்த பிறகுதான் சாப்பாடு தொடங்கும். ஒரு ஜீப் வரவில்லை என்றாலும் யாருக்கும் கோப்பை வைக்கமாட்டோம். தங்கை விடுமுறைக்கு எங்களிடம் வந்திருந்தபோது ஒரு நாள் ஒரு ஜீப் ஆற்று மணலில் புதைந்து இரண்டு மணித்தியாலம் பிந்திவிட்டது. இவள் சமையற்கட்டு வாசலிலேயே குந்திக்கொண்டாள்.

"அண்ணா, பசிக்குது. ஒரு துண்டு பாணாவது தாங்கோவன்."

"கடைசி ஜீப் வரட்டும்."

"கூடப்பிறந்தவளுக்கும் இதுதானோ சட்டம்?"

"மகாராணிக்கும் இதுதான். பேசாமல் இரு."

அன்றைக்கு அவள் என்னைத் திட்டிய திட்டு கொஞ்சமல்ல.

அடுத்த வருடம் அவளுக்குக் கலியாணம் பொருந்தியது. எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை வந்து இறங்கியதும் பெண்ணின் சகோதரன்தான் அவர் காலைக் கழுவி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மாப்பிள்ளை அவனுக்கு ஒரு மோதிரம் போடுவார். "ஒரு கிழமைக்கு முன்னமே வாங்கோ அண்ணா" என்று தங்கை மூன்று முறை சொன்னாள். எனக்கோ தலை கொள்ளாத பெருமை. "முகாம் நிறைய ஆக்கள். நான் இல்லாட்டி இஞ்ச ஒண்டும் நடக்காது, பிள்ளை" என்று சொல்லி, வியாழக்கிழமை வெளிக்கிட்டு வெள்ளிக்கிழமை வந்து சேருவதாக ஏற்பாடு செய்தேன். எனக்கு அடுத்த பொறுப்பில் இருந்த அந்த ஊர்ப் பெண்மணி, "நீங்கள் தாராளமாகப் போகலாம், நான் பார்த்துக்கொள்வேன்" என்று ஆங்கிலத்தில் எத்தனையோ முறை சொன்னார். நான் காதில் வாங்கவே இல்லை. கடைசி நாளும் அவருக்கு இரண்டு பக்கத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன், முட்டை எவ்வளவு நேரம் அவிய வேண்டும் என்பது உட்பட.

வியாழக்கிழமை மத்தியானம் எங்களை ஏற்ற ஒரு சின்ன விமானம் வந்தது. எங்கள் ஓடுபாதை வெறும் மண். விமானம் வருமுன் ஜீப்பை அதன் மேல் இரண்டு தரம் ஓட்டி, மான், வரிக்குதிரை எல்லாவற்றையும் கலைத்துவிடுவோம். அன்றைக்கு ஓடுபாதையின் நட்டநடுவில் பதினொரு யானைகள், நடுவில் ஒரு குட்டி. குட்டி நின்றால் யானைக் கூட்டத்தை யார் கலைப்பது? ஹோர்ன் அடித்தோம், தகரம் தட்டினோம், தாய் யானை ஒரு முறை காதை விரித்துக் காட்டியதும் எல்லோரும் ஜீப்புக்குள் ஏறிவிட்டோம். விமானம் மேலே மூன்று வட்டம் போட்டது. பிறகு எரிபொருள் போதாதென்று திரும்பிப் போய்விட்டது. இனி நாளைக் காலைதான்.

அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். யானைக் கதையைச் சொன்னேன்.

"டேய், யானை மறிச்சுப்போட்டுது எண்டு ஐயரிட்ட என்னெண்டடா சொல்லுறது? பிள்ளையாரே வந்து மறிச்சவர் எண்டு சொல்லட்டோ?"

பக்கத்தில் நின்ற மனைவி பிடித்துக்கொண்டாள். "மாமா சரியாத்தான் சொல்லுறார். நல்ல காரியத்துக்கு வெளிக்கிடேக்க ஒரு தேங்காய் உடைச்சனீங்களோ? முட்டை அவிக்கிறதெல்லோ எழுதிக்கொண்டிருந்தனீங்கள்!"

வெள்ளி விடியற்காலையில் சமையற்கட்டில் இருந்த ஒரே தேங்காயைக் கொண்டுவந்து ஓடுபாதை ஓரத்தில் உடைத்தாள். ஒரு பாதியைக் குரங்கு கொண்டுபோனது. ஆனால் யானை ஒன்றையும் காணவில்லை. தேங்காயாலா, தாமாகப் போனதா என்று நான் விவாதிக்கவில்லை, விமானம் இறங்கியதே போதும்.

பிறகு மூன்று விமானம் மாறினோம். சனிக்கிழமை காலை பில்லுண்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது, இடையில் எங்கேயோ எங்கள் பெட்டிகள் நின்றுவிட்டன. பட்டுவேட்டியும் சேலையும் மகளின் பாவாடையும் எல்லாம் அதற்குள். கையில் இருந்தது ஒரு தோள்பை. மேலில் இருந்தது முகாம் சின்னம் போட்ட காக்கிச் சட்டை, அரைக்காற்சட்டை, செம்மண் அப்பிய சப்பாத்து. நேரம் பத்து மணி. மாப்பிள்ளை மண்டபத்துக்கு வருகிற நேரமும் அதுவேதான். முகூர்த்தம் பன்னிரண்டு மணிவரைதான்.

டாக்ஸி ஓட்டியவர் ஒரு டெனிஷ் பெண். கதை முழுக்கக் கேட்டு, யானையில் கண் விரித்து, தேங்காயில் சிரித்து, "ரோ போ, ரோ போ" என்று என்னை அமைதிப்படுத்தினார். ஆனால் சட்டம் சொன்ன வேகத்துக்கு மேல் முள் ஒரு கோடு ஏறவில்லை. தங்கைக்கு எடுத்தேன், அப்பாவுக்கு எடுத்தேன், ஒருவரும் எடுக்கவில்லை. கடைசியில், 'எனக்காகக் காத்திருக்க வேண்டாம். சித்தப்பாவின் மகனைக் கொண்டு காலைக் கழுவுங்கள்' என்று தங்கைக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அனுப்பியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கார் தரிப்பிடத்தில் அவளுக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவன் நான். அவளுடைய ஒரே கலியாணம், என் வாய்ப்பெருமையால் அதைத் தவறவிட்டுவிட்டேனே என்று நெஞ்சு வெந்தது. மனைவி என் கையைப் பிடித்தாள். அவள் ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பதினொன்றே கால் ஆனது. மண்டபத்தின் கார் தரிப்பிடத்துக்குள் டாக்ஸி திரும்பியது. உள்ளே மேளம் கேட்கும், தாலி கட்டி முடிந்திருக்கும் என்று நினைத்தேன். பார்த்தால், இருபது முப்பது பேர் குடை பிடித்துக்கொண்டு மழையில் நிற்கிறார்கள். நடுவில் பூ மாலை கட்டிய ஒரு கார். ஐயர் வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அங்குமிங்கும் நடக்கிறார். காருக்குள் தலைப்பாகையோடு மாப்பிள்ளை, கதவைப் பூட்டிக்கொண்டு!

என்னைக் கண்டதும் அவர் கண்ணாடியை இறக்கினார்.

"வந்திட்டீங்களோ மச்சான்! ஒரு மணித்தியாலத்துக்கு மேல இருக்கிறன். நீங்கள் வராமல் இறங்கினா கலியாணம் இல்லை எண்டு உங்கட தங்கச்சி சொல்லிப்போட்டா. கடைசி ஜீப் வரவேணுமாம். எனக்கு ஒண்டும் விளங்கேல்ல, கதவைப் பூட்டிக்கொண்டு இருந்திட்டன்."

எனக்கு விளங்கியது. அந்த இடத்திலேயே, அத்தனை பேர் முன்னால், விக்கி விக்கி அழுதேன். மாப்பிள்ளை பயந்துபோனார்.

"டேய், அழுகையைப் பிறகு வைச்சுக்கொள்ளு, முகூர்த்தம் போகுது!" என்று அப்பா கத்தினார். சித்தப்பா தன் சால்வையைக் கழற்றி என் அரைக்காற்சட்டைக்கு மேல் சுற்றிவிட்டார். அது முழங்காலுக்குக் கீழே எட்டவே இல்லை. நான் செம்போடு சமையற்கட்டுக்கு ஓடி இளஞ்சூடாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். இரண்டு வருடம் வந்தவர்களுக்கெல்லாம் முகம் கழுவ வெந்நீர் கொடுத்த பழக்கம், மாப்பிள்ளையின் கால் விறைக்க விட மனம் வரவில்லை. கழுவித் துடைத்து நிமிர்ந்ததும் அவர் என் விரலில் மோதிரத்தைப் போட்டார். விரல் இடுக்கில் செம்மண் இருந்தது. மகள் கைதட்டினாள். டாக்ஸிப் பெண்ணும் குடையில்லாமல் நின்று கைதட்டினார். அவரை அம்மா விடவில்லை, வடை பாயசத்தோடு சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்.

மணவறையில் மாப்பிள்ளையை இருத்திவிட்டுக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் தங்கையை அழைத்து வந்தார்கள். காலையிலிருந்து விரதம். கூறைச்சேலையும் நகையுமாக என்னைக் கடந்து போகும்போது தலையை நிமிர்த்தாமலே மெல்லச் சொன்னாள்: "அண்ணா, பசிக்குது."

தாலி ஏறும்போது பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருந்தது. என் முகத்தில் கண்ணீரா சிரிப்பா என்று வீடியோவில் எனக்கே தெரியவில்லை.

மறுநாள் முகாமுக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்தப் பெண்மணி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். சாப்பாடு நேரத்துக்குப் போகிறதாம், விருந்தாளிகள் சந்தோசமாம். என் குறிப்பைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். எந்தக் குறிப்பு என்று கேட்டார்!

ஒப்பந்தம் முடிந்து நாங்கள் ரண்டர்ஸுக்கே திரும்பிவிட்டோம். இப்போது சொந்தத்தில் எந்தக் கொண்டாட்டம் என்றாலும் ஒரு கிழமைக்கு முன்னமே போய் நின்று வீட்டுக்காரருக்குத் தொல்லை கொடுக்கிறேன். போதும் போய்வா என்று அவர்களே சொல்லும்வரை அசைவதில்லை. முகாம் நான் இல்லாமல் ஒரு கிழமை அருமையாக ஓடியது. ஆனால் ரண்டர்ஸில் ஒருத்தி, தன் கலியாணத்தையே எனக்காக மழையில் நிறுத்தி வைத்திருந்தாள் என்பதை, இந்த மோதிரத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.