பின்னால் அடித்த ஹோன்

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம். கொழும்பு வெள்ளவத்தையில் கார் வைத்திருந்தவர்களைவிடக் கார்க்காரர்களைத் திட்டுகிறவர்கள்தான் கூடுதல். அவர்களில் முதல் ஆள் வரதராசா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கோட்டைப் பகுதியில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை பார்த்தவர். காலி வீதியைக் கடக்கும்போது குடையை மடித்துக் கையில் பிடித்துக்கொள்வார். அடிப்பதற்கல்ல, காட்டுவதற்கு. ஆள் பிடிக்கிற அவசரத்தில்தான் பஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் முந்தி ஓடுகிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பமாட்டார்.

"அவசரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நடக்கிறவன்ரை காரியத்தைக் குழப்பிறதுதான் இவங்களுக்கு வேலை" என்பார்.

ஒரு நல்ல காரியத்துக்கு வெளிக்கிடுகிறவரைப் பின்னால் கூப்பிடக்கூடாது. கூப்பிட்டுவிட்டால் வீட்டுக்குத் திரும்பி, சற்று இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்க வேண்டும். ஊரில் இதைக் கடைப்பிடிப்பது சுலபம். கொழும்பில் கார்க்காரன் அடிக்கிற ஹோனும் ஒரு கூப்பிடுதல்தான் என்று வரதராசா முடிவு செய்தபடியால் வந்தது வினை. கந்தோருக்குப் போகும்போது மட்டும் இந்தச் சட்டம் செல்லாது. துரைக்குச் சகுனம் விளங்காது.

மகள் நேசமலருக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருந்த நாகேந்திரத்தின் மகன். சாதகம் பொருந்திவிட்டது. கோவிலில் வைத்துப் பையனைப் பார்த்த நாளிலிருந்து நேசமலர் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு திரிந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை வரதராசா போய்ப் பேச்சை முடிப்பதுதான் பாக்கி.

அன்று கோட்டு, தலைப்பாகை, குடையோடு இறங்கினார். ஒழுங்கையைத் தாண்டித் தெருவுக்கு வரவில்லை, பின்னால் ஹோன். திரும்பிப் பார்த்தார். ஒரு கறுப்புக் கார். உள்ளே இருந்தவன் எரிச்சலோடு கையை ஆட்டினான். வரதராசா வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டார். கொஞ்சம் பொறுத்து மறுபடி இறங்கினார். அதே கார், அதே ஹோன், இப்போது விடாமல்.

"என்னப்பா, திரும்பவுமோ?" என்றாள் மனைவி சிவக்கொழுந்து.

"உன்ரை கொண்ணர் வைச்ச ஆள் அது. தன்ரை பெடியனுக்கு எங்கடை பிள்ளையைக் கேட்டுக் குடுக்கேல்லை எண்ட கோவம். விடுவனோ நான்?"

மூன்றாம் முறை பின்கதவால் இறங்கினார். கடற்கரைப் பக்கமாக ரயில் பாதையோடு நடந்து, ஸ்டேஷனில் ரயில் பிடித்தார். மனைவியின் தமையனை வென்றுவிட்ட சந்தோஷத்தில் வழியெல்லாம் மீசைக்குள் சிரித்தார்.

கொட்டாஞ்சேனையில் நாகேந்திரத்தின் வாசலில் அந்தக் கறுப்புக் கார் நின்றது. வரதராசா அதைச் சுற்றிக்கொண்டு படியேறினார்.

நாகேந்திரம் கதிரை போட்டு இருத்தினார். ஆனால் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

"நீங்கள் பஸ்ஸிலை இடிபடக்கூடாதெண்டு காலமை காரை அனுப்பினனான். ட்ரைவர் மஹ்ரூப் அவசரக்காரன். ஆனால் பொய் சொல்லமாட்டான். தன்னைக் கண்டதும் நீங்கள் ரெண்டு தரம் வீட்டுக்குள்ளை ஓடினீங்களாம்."

வரதராசா சகுனக் கதையைச் சொன்னார். நாகேந்திரம் சிரிக்கவில்லை.

"எனக்கு விளங்குது. ஆனால் கலியாணக் காரியத்துக்கு அனுப்பின கார் வெறுமையாத் திரும்பி வந்திட்டுது. அது சகுனப்பிழை, இந்தச் சம்பந்தம் இனி வேண்டாம் எண்டு என்ரை மனிசி சொல்லிப்போட்டா. குறை நினையாதேங்கோ."

 அவர்கள் இடத்தில் இருந்தால் வரதராசாவும் இதைத்தான் செய்திருப்பார். அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. வீட்டில் நேசமலர் வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

தெருவில் இறங்கி நடந்தார். பின்னால் ஹோன். நின்றார். மஹ்ரூப் காரைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"ஏறுங்க, ஊட்டுல உடச் சொன்னாரு மொதலாளி."

"காலமை இறங்கி வந்து ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே, தம்பி" என்றார் வரதராசா. 

"பின்னால கூப்பிட்டா மட்டும் நின்டிருப்பீங்களா?"

வரதராசா காரில் ஏறினார்.