இறந்தவர் பெயருக்கு வந்த பதில்

போன மழைக்காலம். மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மூன்று நாளாக மழை விடவில்லை. நாலாம் நாள் காலை, தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு தெரிந்தது. ரோடும் உடைந்துவிட்டதால் வெளியிலிருந்து யாரும் வரப்போவதில்லை. இளவட்டம் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து சனங்களை மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினோம்.

ஒருத்தரும் விடுபடக் கூடாதே! தோட்டத்துப் பெயர்ப் பட்டியலை வைத்து, வேலைக்கு முன் காலைப் பெரட்டில் ஆள் கூப்பிடுவதுபோல ஒலிபெருக்கியில் கூப்பிட முடிவு செய்தோம். சரிபார்த்தது நான். பதுளையில் படிக்கிறேன் என்று பெரிய கெட்டிக்காரி நினைப்பு எனக்கு. போன வருஷம் இறந்த ஓர் அம்மாவின் பெயர் அதில் இன்னும் இருந்தது. “செத்தவங்களுக்கும் பெரட்டா!” என்று சிரித்துக்கொண்டே பென்சிலால் அடித்தேன்.

மத்தியானமே பனி மூடி, பக்கத்து ஆள் முகம் தெரியவில்லை. கூட்டாளி ஒருவன் கூப்பிடக் கூப்பிட, “இருக்கேங்க” என்று பதில் வந்தது. என் பென்சில் கோடு அவன் கண்ணில் படவில்லை. அந்த அம்மாவின் பெயரையும் கூப்பிட்டுவிட்டான்.

கீழே, ஆளில்லாத லயத்திலிருந்து மெல்லிசாக ஒரு பெண் குரல் வந்தது.

“இருக்கேங்க...”

“நான்தானேப்பா அவங்களுக்குக் குழி வெட்டினேன்” என்று ஒருவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். குரல் மறுபடியும் வந்தது.

கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். “ஐயோ, அது அவங்க பேர்ல வேலை செய்ற புள்ளடி! ஊருக்குப் போயிருப்பாளுன்னு நெனச்சோமே!”

வேறு தோட்டத்திலிருந்து தனியாக வந்த பெண். தோட்டத்தில் தன் பெயருக்குப் பதிவு கிடைக்காமல், இறந்தவர் பெயரில் கொழுந்து எடுத்திருக்கிறாள். தினமும் அந்தப் பெயருக்குத்தான் பதில் சொல்லிப் பழக்கம்.

ஓடினோம். காய்ச்சல் மாத்திரை போட்டுத் தூங்கியவளை ஒலிபெருக்கிதான் எழுப்பியிருக்கிறது. சுவர் சாய்ந்து கதவு இறுகிக் கிடந்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் கதவுப் பலகையைக் கொத்திப் பிளந்தோம். காலடியில் தரை முனகுவது நன்றாகக் கேட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு மேடேறும்போது பின்னால் பெரிய சத்தம். திரும்பினால் வெறும் பனி. அது விலகியபோது லயம் இல்லை.

இப்போது நாங்கள் ஏழு பேரும் வீடு வீடாகப் போய் எங்கள் பட்டியலை நாங்களே எழுதியிருக்கிறோம். முதல் பெயர் அவளுடையது, அவளுடைய சொந்தப் பெயர். அந்தப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு, ஆபத்தில்லாத இடத்தில் காணி கேட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறோம், விடப்போவதில்லை. ஆனால் அன்றைக்குப் பெயர் கூப்பிட்டவன் மட்டும் என் பென்சில் கோட்டைப் பார்த்திருந்தால், “எல்லாரும் வந்தாச்சு” என்று நானே சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன்.