அத்தைக்கு மூச்சு நின்றால்

பொம்மையின் தாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதற்குச் சட்டை மாட்டிக்கொண்டிருப்பார் டாக்டரம்மா. திங்கட்கிழமை வகுப்புக்கு முன்னால் அவருக்கு இதுதான் முதல் வேலை.

நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கப் பழகுவதற்காகக் கல்லூரி வாங்கிப்போட்ட பொம்மை அது. தட்டை மார்பு, அகன்ற தோள். சந்தேகமே வேண்டாம், ஆண்பிள்ளை. பழைய தலையணையைக் கிழித்துப் பஞ்செடுத்து அதற்கு இரண்டு மார்பகங்களைத் தைத்துவிட்டார். தையல் மகா கண்றாவி. எத்தனையோ பேரின் காயத்தைத் தைத்த கை என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டீர்கள். உள்ளாடை, அதன்மேல் கழுத்துவரை பொத்தான் போட்ட பூப்போட்ட சட்டை. மாணவர்கள் அதற்கு ‘அத்தை’ என்று பெயர் சூட்டிவிட்டார்கள்.

“அத்தை விழுந்து கிடக்காங்க. என்ன பண்ணப்போறீங்க தம்பி?” என்று ஆரம்பிப்பார். தம்பி குனிவான், கையை நீட்டுவான், பொத்தானைக் கண்டதும் கை அந்தரத்தில் நின்றுவிடும். பெண்பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை; காலரைச் சரிசெய்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். பின்வரிசையில் களுக்கென்று ஒரு சிரிப்பு.

“வெக்கப்பட்டு முடிச்சாச்சா? அதுக்குள்ள அத்தை போய்ச் சேர்ந்தாச்சு” என்று சொல்லி, சட்டையை வெட்டக் கத்தரிக்கோலை நீட்டுவார்.

அவருடைய அண்ணி ரயில் நிலையத்தில் இப்படித்தான் விழுந்தார். சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் மருத்துவ மாணவர்கள். தண்ணீர் தெளித்தார்கள், விசிறினார்கள், போர்வை போர்த்தி மானத்தைக் காப்பாற்றினார்கள். உயிரைத்தான் கோட்டைவிட்டார்கள். அந்தக் கோபம் டாக்டரம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவிடுகிற உத்தேசமும் இல்லை.

போன வாரம் கல்லூரி முதல்வர் கூப்பிட்டனுப்பினார்.

“வெளியிலேர்ந்து ஆய்வுக்கு வர்றாங்க டாக்டர். பாடத்துல இல்லாததெல்லாம் எதுக்கு? அந்த... அதைக் கழட்டிடுங்க.”

“எதை சார்?”

முதல்வர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“உங்களுக்கே சொல்ல வாய் வரல. பசங்களுக்குக் கை எப்படி வரும்? மூச்சு நின்னு வர்ற பொம்பளைங்க வீட்டுல கழட்டி வச்சிட்டா வருவாங்க?”

அன்றைக்கே அத்தை அலமாரிக்குள் போய்விட்டது. சாவி முதல்வர் பையில்.

இந்தத் திங்கட்கிழமை மேசை காலி. வகுப்பு இல்லை என்று பிள்ளைகள் பையைத் தூக்கிவிட்டார்கள். மேசை காலிதானா என்று பார்க்க முதல்வரே வாசலில் வந்து நின்றார்.

“எங்க கிளம்பிட்டீங்க? உக்காருங்க.”

டாக்டரம்மா வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். மூக்குக்கண்ணாடியை முன்வரிசைப் பெண்ணிடம் கொடுத்தார். மேசைமேல் ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டார்.

“அத்தைக்கு இன்னிக்கு லீவு. விழுந்து கிடக்கிறது நான்தான். அழுத்திடாதீங்க, எலும்பு எனக்கு இன்னும் வேணும். கை வைக்கிற இடத்தை மட்டும் காட்டுங்க. யார் வர்றீங்க?”

யாரும் அசையவில்லை. கடைசியில், அத்தையின் பொத்தானைக் கண்டு பின்வாங்கிய ஒரு தம்பி எழுந்து வந்தான். குனிந்தான். வாசலைப் பார்த்தான். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

டாக்டரம்மா அந்த மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தன் நடுநெஞ்சில் பதித்துக்கொண்டு, தலையைத் திருப்பி வாசலில் நின்றவரையே பார்த்தார்.